மரத்துப்போன காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

வேலூரில் சிஎம்சி மருத்துவமனை வாசலைச் சுற்றியிருக்கும் சர்ஜிக்கல் கடைகளில் எதற்குள் நுழைந்தாலும், முழங்கால் உறைக்கும் வாக்கருக்கும் நடுவில் கருப்பிலும் பழுப்பிலும் பட்டைச் செருப்புகள் தொங்கிக்கொண்டிருக்கும். "சுகர் செருப்பு" என்று கேட்டாலே போதும், காலின் நம்பரைக் கேட்டுவிட்டு எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பெட்டி மேல் எம்.சி.ஆர். என்று அச்சடித்திருக்கும். அந்த மூன்று எழுத்தை நம்பி வாங்கிப்போய் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, காலைப் பற்றிய கவலையை அன்றோடு விட்டுவிடுகிற வீடுகள் நிறைய.

பொருள் நல்ல பொருள்தான். சரியான ஜோடி சரியான காலுக்குப் போனால் புண் வராமல் பல வருடம் காக்கும். ஆனால் அதே பெயரில் தரமானதும் விற்கிறது, வெறும் பஞ்சும் விற்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் கடையில் இல்லை. எவ்வளவு நல்ல செருப்பாக இருந்தாலும் அது வாசற்படியோடு நின்றுவிடுகிறது. ஓய்வு பெற்ற ஒருவர் நாள் முழுக்க நடக்கும் நடையில் பெரும்பகுதி வீட்டுக்குள்தான். வாசலில் கழற்றிவிட்ட செருப்பு அந்த நடைக்கு எதுவும் செய்யாது.

இந்த மதிப்புரை கடைச் செருப்பு, அளவெடுத்துச் செய்யும் செருப்பு இரண்டையும் பற்றியது.

ரப்பர் என்ன செய்கிறது

எம்.சி.ஆர். என்பது மைக்ரோ செல்லுலார் ரப்பர். கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சின்னச் சின்னக் காற்றறைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியபடி, ரப்பருக்குள் நிறைந்திருக்கும். அறைகள் மூடியிருப்பதால் தண்ணீரை உறிஞ்சாது; அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழும்பும்.

நிற்கும்போது உடம்பின் எடை பாதம் முழுக்க ஒரே மாதிரி இறங்குவதில்லை. குதிகால், பெருவிரலின் அடிமேடு, சுண்டுவிரலுக்குப் பின்னாலுள்ள எலும்பு என்று சில இடங்களில் குவிகிறது. உணர்ச்சி உள்ளவர் அரை மணி நேரம் நடந்ததும் தன்னையறியாமலே காலை மாற்றி வைப்பார், கொஞ்சம் சாய்ந்து நடப்பார், உட்காரப் பார்ப்பார். மரத்துப்போன கால் அப்படி எதையும் கேட்காது. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கும். முதலில் காய்ப்பு, பிறகு காய்ப்புக்கு அடியில் ரத்தக்கட்டு, பிறகு புண். எம்.சி.ஆர். அந்தக் குவியலை எடுத்துப் பாதம் முழுக்கப் பரப்பிவிடுகிறது. வேலை இவ்வளவுதான். மரத்துப்போன உணர்ச்சியைத் திருப்பித் தரும், ரத்த ஓட்டத்தைக் கூட்டும், சர்க்கரையைக் குறைக்கும் என்றெல்லாம் கவுண்டரில் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

இந்தச் செருப்பு விஷயத்தில் வேலூருக்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. 1946-இல் சிஎம்சிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை என்பதைக் காட்டினார். வலி தெரியாததால் பட்ட காயமும், காயத்தின் மேலேயே நடந்த நடையும்தான் விரல்களைத் தின்றன. அப்படியானால் மருந்தோடு செருப்பும் சிகிச்சைதான். வேலூருக்குப் பக்கத்தில் 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் இந்த வேலை பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. தொழுநோய்க் காலுக்குச் சொன்ன அதே கணக்கு சர்க்கரை நோயால் மரத்துப்போன காலுக்கும் அப்படியே பொருந்தும், ஏனென்றால் இரண்டிலும் நரம்புதான் போகிறது. இதனால் ஒரு தொல்லையும் ஒட்டிக்கொண்டது. கருப்பு எம்.சி.ஆர். செருப்பைப் பார்த்தாலே "அந்த நோய்ச் செருப்பு" என்று முகம் சுளித்த காலம் உண்டு. இன்றும் சில பெரியவர்கள் கருப்பைத் தொடமாட்டார்கள். அவர்களிடம் வாதாட வேண்டாம். பழுப்பிலோ தோல் நிறத்திலோ மேல்பட்டை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். போடாத கருப்புச் செருப்பைவிடப் போடுகிற பழுப்புச் செருப்பு மேல்.

இந்தச் செருப்பு யாருக்குத் தேவை

சர்க்கரை இருக்கிற எல்லோருக்கும் தேவையில்லை. பாதத்தில் உணர்ச்சி நன்றாக இருந்து, கோணல் எதுவும் இல்லை என்றால், அளவு சரியான எந்த நல்ல செருப்பும் போதும்.

உணர்ச்சி இருக்கிறதா என்பதை மருத்துவமனையில் 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். வீட்டில் அதற்கு ஒரு எளிய மாற்று உண்டு. பெரியவரைக் காலை நீட்டிப் படுக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லுங்கள். எந்தக் கால் என்று உணர்கிறாரோ அதை "வலது", "இடது" என்று சொல்ல வேண்டும். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒன்றிரண்டு நொடி மெல்லத் தொடுங்கள். இரண்டு காலும் சேர்த்து ஆறு இடம். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, வருடக் கூடாது. ஒரு இடத்தில் பதில் வரவில்லை என்றால் அங்கே இன்னொரு முறை முயலவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் காலின் காவல் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். எம்.சி.ஆர். செருப்பு இந்தக் காலுக்கானது.

செருப்புக் கடைக்கே போகக்கூடாத கால்களும் உண்டு. திறந்த புண் இருந்தால் எந்தச் செருப்பும் அதை ஆற்றாது. மாவுக்கட்டு போட்டோ வேறு வகையிலோ புண்ணின் மேல் எடை விழாமல் மருத்துவர்தான் செய்ய வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருக்கிறது, ஆனால் வலியே இல்லை என்கிறார் என்றால் அது இன்னும் அவசரம். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். புறங்கையை இரண்டு பாதத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அன்றைக்கே நடையை நிறுத்தி மருத்துவமனைக்கு. பாதம் சில்லென்று கறுத்து, படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றால் அது ரத்தக்குழாய்ப் பிரச்சினை. அதற்கும் செருப்பு பதில் இல்லை.

கடையில் கையில் எடுத்ததும்

முதலில் பக்கவாட்டில் பாருங்கள். நல்ல ஜோடியில் இரண்டு அடுக்கு தெளிவாகத் தெரியும்: பாதம் படும் மேலடுக்கு மிருதுவான எம்.சி.ஆர்., கீழடுக்கு கெட்டியான ரப்பர். மேலடுக்கு ஒரு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். கீழடுக்கு இல்லாமல் முழுக்க மிருதுவாகவே செய்த செருப்பு கையில் எடுக்கும்போது சுகமாகத்தான் இருக்கும். நம்ம ஊர்த் தரையில் சீமைக் கருவேல முள் அதை வெண்ணெயில் ஊசி போல ஊடுருவிவிடும். முள் குத்தியது காலுக்குத் தெரியாது. சாயங்காலம் கழற்றும்போது செருப்பு காலை விட்டு வராமல் போனால்தான் தெரியும். இது மிகைப்பேச்சு இல்லை, மரத்த காலில் நடக்கிற விஷயம்.

அடுத்தது கிள்ளிப் பார்ப்பது. மேலடுக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து நன்றாக அழுத்துங்கள். ஏறக்குறைய பாதிக் கனத்துக்கு அமுங்க வேண்டும். அழுத்தியும் அசையவில்லை என்றால் கெட்டி, அழுத்தத்தைப் பரப்பாது. இரண்டு விரலும் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி உணர்ந்தால் மிகவும் இளகல். எடை விழுந்ததும் நசுங்கி, பாதம் நேராகக் கெட்டி அடிப்பாகத்தில் போய் உட்கார்ந்துவிடும். தயாரிப்பவர்கள் இதை, ரப்பரின் கெட்டித்தன்மையைச் சொல்லும் ஷோர் ஏ என்ற அளவில் 15-ஐ ஒட்டி வைப்பார்கள். விரலை எடுத்ததும் ரப்பர் உடனே எழும்ப வேண்டும். பள்ளம் நின்றால் வைத்துவிடுங்கள்.

வாங்குபவர்களில் பாதிப்பேர் தவறு செய்யும் இடம் இதுதான். பெரியவர் செருப்பில் ஏறி நின்று "மெத்தை மாதிரி இருக்கு" என்றால் அதையே எடுத்துவிடுகிறார்கள். மெத்தை மாதிரி இருப்பது பெரும்பாலும் கூடாத செருப்பு. மரத்த காலின் தீர்ப்பைக் கேட்டு வாங்குவதே முரண். கால் சொல்வதை நம்ப முடிந்தால் இந்தச் செருப்பே வேண்டியதில்லையே.

எம்.சி.ஆர். என்ற பெயரில் ஈ.வி.ஏ. என்கிற பிளாஸ்டிக் நுரை விற்பதும் உண்டு. ஈ.வி.ஏ. எடை மிகக் குறைவு, ரப்பர் வாசனை இருக்காது, நகத்தால் அழுத்தினால் தழும்பு நிற்கும். அதற்காக ஈ.வி.ஏ. மோசம் என்று சொல்ல முடியாது. சரியான கெட்டித்தன்மையில் இருந்தால் மரத்த காலுக்கும் ஆகும். எடை தூக்க முடியாத வயதானவர்களுக்கு வசதியும்கூட. ஆனால் சீக்கிரம் அமுங்கிப்போகும், அதனால் சீக்கிரம் மாற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே விலை கேட்டால் ரப்பரை எடுங்கள். வெட்டு முனையில் கண்ணுக்குத் தெரிகிற ஓட்டைகள் இருந்தால் அது பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுக்கு உறவு.

பிறகு கையை உள்ளே விட்டு, உள்பரப்பு முழுக்க விரல் நுனியால் தடவுங்கள். ஆணி, ஸ்டேப்ளர் பின், ரிவெட்டின் தலை, தையல் முடிச்சு, ஒட்டின பசையின் கட்டி எதுவும் தட்டக் கூடாது. பாதம் படும் பரப்பில் கம்பெனி பெயரைப் பதித்து மேடாக விட்டிருந்தால் அதுவும் வேண்டாம். இந்தச் செருப்பில் ஒட்டும் தையலும் மட்டும்தான் இருக்க வேண்டும், அதுவும் பாதத்தைத் தொடாத இடத்தில்.

பட்டை

விரலிடுக்கில் வார் நுழைகிற எந்த வகையும் மரத்த காலுக்கு ஆகாது. ஹவாய் செருப்பைக் காலில் நிறுத்த விரல்களை நாம் தன்னிச்சையாக இறுக்கிப் பிடிக்கிறோம். உணர்ச்சி போன காலில் அந்தப் பிடி இருக்காது. நடக்க நடக்கச் செருப்பு நழுவிப்போகும், போனதும் தெரியாது. பிடி கொஞ்சம் இருந்தாலும் வார் விரலிடுக்கை அறுக்கும்.

முன்னால் ஒன்று, கணுக்காலுக்கு முன் ஒன்று, குதிகாலுக்குப் பின்னால் ஒன்று என மூன்று பட்டை வேண்டும். பின்பட்டை இல்லாத செருப்பை விலை குறைவு என்று எடுக்காதீர்கள். பட்டைகள் அகலமாக, உள்பக்கம் மென்மையான துணியோ மெல்லிய தோலோ வைத்துத் தைத்ததாக இருக்கட்டும். பக்கிளைவிட வெல்க்ரோ நல்லது, ஏனென்றால் சாயங்காலம் கால் வீங்கும், காலையில் வடியும். பட்டை அதற்கேற்ப நீளக் குறுக வேண்டும். வீக்கத்தோடு மாட்டும்போதும் வெல்க்ரோவின் கொக்கிப்பகுதியில் மூன்று விரல் அகலமாவது ஒட்ட வேண்டும். நுனி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் படியில் இறங்கும்போது பிடுங்கிக்கொள்ளும்.

கைவிரலிலும் பிடி குறைந்தவர்களுக்கு ஒரு யோசனை: வெல்க்ரோ நுனியில் ஒரு துணி வளையம் தைத்துக் கொடுங்கள். விரலை விட்டு இழுத்துவிடலாம். தையல்காரர் இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவார். இல்லையென்றால் மாட்டிவிட ஆள் வேண்டும், ஆள் இல்லாத நேரத்தில் வெறுங்கால்தான்.

அளவு

நம்பரை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி எட்டாம் நம்பர் மாறும், அகலமோ பல கடைகளில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். நரம்பு பழுதான காலில் விரல்கள் கொக்கி போல மடங்கி, முன்பாதம் அகன்றுபோயிருக்கும். பத்து வருடத்துக்கு முந்தைய நம்பர் இப்போது பொருந்தாது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், இரண்டு காலிலும் எடை போட்டு நிற்க வைத்து, ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். உள்பக்கம் சாய்த்துப் பிடித்தால் அளவு குறைந்துவிடும். இரண்டு காலையும் தனித்தனியாக வரையுங்கள், பெரியதே கணக்கு. கத்தரித்து எடுத்த அந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுபோய்ச் செருப்பின் உள்பரப்பில் வையுங்கள். ஓரம் எங்கேயாவது மடங்கினாலோ வெளியே நீட்டினாலோ அங்கேதான் நாளை புண். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டரிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை இடம் இருக்க வேண்டும். மிக நீண்ட விரல் பெருவிரலாகத்தான் இருக்கும் என்றில்லை, பலருக்கு இரண்டாவது விரல். பெரியவரை வீட்டில் விட்டுவிட்டு மகனோ மகளோ மட்டும் கடைக்குப் போகிற வீடுகளுக்கு இந்தத் தாள் இல்லாமல் வழியே இல்லை.

"கொஞ்சம் லூஸா இருக்கட்டும், கடிக்காது" என்று ஒரு நம்பர் கூட்டி வாங்குவது அடுத்த தவறு. லூஸான செருப்புக்குள் பாதம் முன்னும் பின்னும் வழுக்கும். அந்த உராய்வே கொப்புளம் போடும்.

மெட்டி போடுகிற பெண்களுக்கு: முன்பட்டை மெட்டியின் மேல் வந்து அழுத்துகிறதா என்று பாருங்கள். விரல் வீங்கியிருந்தால் மெட்டியே இறுகி அறுக்கும். கழற்றச் சொல்வது எளிதல்ல என்பது தெரியும். கொஞ்சம் விரிகிற மெட்டியாக மாற்றச் சொல்லலாம்.

கடைச் செருப்பா, அளவுச் செருப்பா

உணர்ச்சி மட்டும் குறைந்து, பாதத்தின் அமைப்பு கெடாமல் இருந்தால் மேலே சொன்ன சோதனைகளில் தேறிய கடைச் செருப்பு போதும். சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கும். ஆயிரத்தைத் தாண்டிப் போவதில் பெரும்பாலும் மேல்பட்டையின் அழகுக்குத்தான் காசு. அந்தக் காசில் சாதாரண ஜோடி இரண்டு வாங்குவது புத்திசாலித்தனம். ஏன் இரண்டு என்பது கீழே.

விரல் மடங்கியிருக்கிறது, ஒரு விரலை எடுத்திருக்கிறார்கள், அடிப்பாதம் தட்டையாகிவிட்டது, முன்பு ஒரு முறை புண் வந்து ஆறியிருக்கிறது என்றால் கடைச் செருப்பில் காசைப் போடாதீர்கள். புண் ஆறிய இடத்தில்தான் மறுபடி வரும். அங்கே எடை விழாதபடி உள்பரப்பில் குழைவு கொடுக்க வேண்டும், எலும்புக்குப் பின்னால் சின்ன மேடு வைக்க வேண்டும், சிலருக்கு அடிப்பாகம் வளையாமல் கெட்டியாக, முன்பக்கம் படகு மாதிரி மேலே வளைந்து இருக்க வேண்டும். அப்போது முன்பாதம் மடங்காமலே உருண்டு அடி எடுத்து வைக்கும். இதெல்லாம் காலைப் பார்த்துச் செய்கிற வேலை. கரிகிரி போல, சொந்தமாகச் செருப்புத் தயாரிக்கும் பிரிவு உள்ள மருத்துவமனையில் கேளுங்கள். மருத்துவர் சீட்டோடு போனால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பது அதில் எழுதியிருக்கும்; வெறுமனே போய் "நல்லதா ஒன்னு செய்யுங்க" என்றால் அவர்களும் என்ன செய்வார்கள்.

அளவுச் செருப்பின் குறை காத்திருப்பு. அளவு கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள், போட்டுப் பார்த்துத் திருத்த இன்னொரு நாள் என்று வர வேண்டியிருக்கும். ஆந்திரத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்குபவர்கள் கடைசி நாளில் அளவு கொடுத்துவிட்டு ரயில் ஏறுவது வீண். வந்த முதல் நாளே கொடுங்கள், திருத்தத்துக்கும் நாள் மிச்சமிருக்கும். தோற்றத்தையும் மறைக்க வேண்டாம்: கனமாக, அகலமாக, கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். கல்யாணத்துக்குப் போகும்போது இதைப் போடச் சொன்னால் முகம் கோணும். கல்யாண மண்டபத்துக்கென்று வாங்கிய புது ஷூ ஒரே ராத்திரியில் குதிகாலைத் தின்றுவிட்டதை மருத்துவமனைக் கால் பிரிவுகளில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

முதல் வாரம், பிறகு வீட்டுக்குள்

புதுச் செருப்பை முதல் நாளே முழுக்கப் போடக் கூடாது. முதல் நாள் ஒரு மணி நேரம், வீட்டிலேயே. கழற்றியதும் பாதத்தின் மேல், அடி, பக்கம், விரலிடுக்கு எல்லாம் பாருங்கள். சிவப்பு இருந்தால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் மறைந்துவிட்டால் சரி. மறையவில்லை என்றால் அந்த இடத்தில் செருப்பு அழுத்துகிறது, கடைக்கோ செய்தவரிடமோ திருப்பிக் கொண்டுபோங்கள். பிரச்சினை இல்லையென்றால் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போகலாம். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. தொட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சூடாக இருக்கும்.

இனி இரண்டாவது ஜோடி. ஒன்று வெளியே போக, ஒன்று வீட்டுக்குள் மட்டும். நம்ம வீடுகளில் செருப்போடு உள்ளே வரச் சொன்னால் பாட்டி ஒத்துக்கொள்ள மாட்டார், அதிலும் சமையலறை, பூஜையறைப் பக்கம். ஆனால் கடையிலிருந்து பெட்டியோடு நேராக உள்ளே வந்து, ஒரு நாளும் தெருவை மிதிக்காத செருப்பு என்றால் பேச்சு மாறுகிறது. நிறத்தை வேறாக வைத்தால் மாற்றிப் போடவும் மாட்டார்கள். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்கும்போதுதான் வெறுங்காலோடு போவார்கள் என்பதால் வீட்டு ஜோடி கட்டிலுக்குப் பக்கத்தில், எழுந்து கால் வைக்கும் இடத்திலேயே இருக்கட்டும். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு மொசைக் தரையில் நடப்பது வெறுங்காலுக்குச் சமம், வழுக்குவது கூடுதல்.

ஈரத் தரையில் எம்.சி.ஆர். நம்பகமானதல்ல. பாத்ரூமுக்குப் பிடிமானம் உள்ள, பின்பட்டையோடு கூடிய ரப்பர் செருப்பு தனியாக வைப்பது நல்லது. குளித்து வந்ததும் விரலிடுக்கை ஒற்றித் துடைத்துவிட்டு, பாதத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் மட்டும் வேண்டாம், ஊறிப்போகும். எண்ணெய்க் காலோடு உடனே செருப்பில் ஏறினால் வழுக்கும்.

ஒவ்வொரு முறை போடும் முன்னும் செருப்பைத் தலைகீழாகத் தட்டி, கையால் தடவிப் பார்க்க வேண்டும். பேரப்பிள்ளையின் கிரேயான் துண்டு, புளியங்கொட்டை, கடலை மிட்டாய்த் துணுக்கு எதுவும் உள்ளே இருந்து நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருக்கும்.

கோயில், பஸ், வெயில்

செருப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டிய இடம் கோயில். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் கற்றரைப் பிராகாரம். சித்திரை மாத மதியத்தில் அந்தக் கல் மரத்த காலில் கொப்புளம் போடும், சூடு தெரியாததால் ஓடக்கூடத் தோன்றாது. காலையில் வெயில் ஏறும் முன் போய்விட்டு வாருங்கள். தடித்த வெள்ளைப் பருத்தி சாக்ஸ், தையல் வெளிப்பக்கம் வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். வெள்ளை எதற்கென்றால் ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும்.

திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். வெறுங்காலோடு சுற்றுவதே நேர்த்தி என்று பலர் நினைக்கிறார்கள். உணர்ச்சி போன காலுக்கு அது வேண்டவே வேண்டாம். ஆட்டோவில் சுற்றிவிட்டு ஒவ்வொரு லிங்கத்துக்கும் இறங்கிக் கும்பிடலாம். பிடிவாதம் பிடித்தால் எம்.சி.ஆர். செருப்போடு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து பாதத்தைப் பார்த்துக்கொண்டு போகட்டும்.

பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடி மேல் காலை வைத்துக்கொண்டு வருவதும், டூ வீலரில் பின்னால் உட்கார்ந்து சைலன்சரில் கால் படுவதும் தெரியாமல் வருகிற தீக்காயங்களுக்குப் பெரிய காரணங்கள். செருப்பின் பக்கப் பட்டை கொஞ்சம் காக்கும், முழுக்கக் காக்காது.

பழுதும் பராமரிப்பும்

அழுக்கானால் ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். வேலூர் மே மாத வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் பசை இளகி அடுக்குகள் பிரியும், ரப்பரும் விறைக்கும். காருக்குள் விட்டுவிட்டுப் போவதும் அதே கதைதான். வெல்க்ரோ ஒட்டவில்லை என்றால் முக்கால்வாசி நேரம் அது கெட்டுப்போயிருக்காது. தலைமுடியும் நூலும் சேர்ந்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷால் எடுத்தால் மறுபடி பிடிக்கும்.

அடுக்கு பிரிந்தால் தெருவோரச் செருப்புத் தொழிலாளியிடம் கொடுக்கலாம், அவர் கையில் அந்த வேலை நன்றாகவே வரும். ஆனால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: ஆணி ஒன்றுகூட வேண்டாம், பசை மட்டும். வழக்கப்படி நாலு ஆணி அடித்துக் கொடுத்துவிட்டால், எம்.சி.ஆர். அமுங்க அமுங்க ஆணியின் முனை மேலே எட்டிப் பார்க்கும். வாங்கியதும் உள்பரப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். ஒரு காலின் அடி மட்டும் தேய்ந்திருக்கிறது என்று அதற்கு மட்டும் புதுச் சோல் ஒட்டாதீர்கள். இரண்டு காலின் உயரம் மாறினால் வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள்.

ஆயுள் விஷயத்தில் கடைக்காரர் "வருஷக் கணக்கா உழைக்கும்" என்பார். மேல்பட்டை உழைக்கும், உண்மைதான். ரப்பரோ தினமும் நடப்பவருக்கு ஆறு மாதம் தாண்டியதும் சோதிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடும். பெருவிரல் மேடு படும் இடத்தையும் ஓரத்தையும் மாற்றி மாற்றிக் கிள்ளுங்கள். ஓரத்தில் பாதிக்கு அமுங்கி, நடுவில் அமுங்கவே இல்லை என்றால் அங்கே காற்றறைகள் உடைந்து ரப்பர் செத்துவிட்டது. செருப்பு பார்வைக்குப் புதிது போலவே இருக்கும், அதுதான் ஏமாற்று. அளவுச் செருப்பாக இருந்தால் மேலடுக்கை மட்டும் மாற்றித் தரச் சொல்லலாம்.

பழைய ஜோடியை உடனே குப்பையில் போட வேண்டாம், தோட்டத்துக்கு என்று ஒதுக்கவும் வேண்டாம். கவிழ்த்து அடியைப் பாருங்கள். குதிகாலின் வெளி ஓரம் மட்டும் கரைந்திருக்கிறதா, முன்பாகத்தில் ஒரே இடத்தில் குழி விழுந்திருக்கிறதா, ஒரு காலைவிட இன்னொன்று அதிகம் தேய்ந்திருக்கிறதா? எடை எங்கே இறங்குகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அடுத்த ஜோடிக்கு அளவு கொடுக்கப் போகும்போது அதையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்ச் செய்பவரிடம் காட்டுங்கள்.